சாட்சிப் பொருள் எண் பதினேழு

முதல் தடவை முந்நூற்று நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணினால் முந்நூற்று நாற்பது.
ஒரு நீல வில்லை
மேசைக்கடியில் உருண்டு போயிருந்தது.
பெல்டன் ஃபோர்க் ஷெரீப் அலுவலகத்தின் பின்னறையில்
பிடிபட்டதை எண்ணி, உறையிலிட்டு, ஒட்டி
எண் எழுதுவது என் வேலை.
சரியா தவறா என்பது
வேறு யாருடைய வேலையோ.

வியாழன் இரவு ஒன்பதரைக்கு
வெண்டல் ஹாஸ்கெட்டின் கார் கொட்டகைக் கதவை
உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள் ஆறு பேர்
தலைக்கவசமும் நீளத் துப்பாக்கியுமாய்.
உள்ளே எட்டுப் பேர்.
ஆளுக்கு இருபது டாலர் போக்கர்.
கையைத் தூக்கச் சொன்னதும்
எழுபத்தொன்பது வயதுக்காரர் ஒருவர்
ஒரு கையைத்தான் தூக்கினாராம்.
மற்றதில் ஜோடி ராணி.

சீட்டுக்கட்டு இரண்டு,
ஒன்றில் கிளாவர் ஏழு இல்லை.
ரொக்கம் நூற்று அறுபது.
சுருட்டுச் சூடு பட்ட பச்சைத் துணி.
இப்படியே போய், பதினேழாவதாக
ஒரு மூக்குக் கண்ணாடி.
அது மார்வா ஹாஸ்கெட்டுடையது.
அவள் ஆடவில்லை.
காபி ஊற்ற வந்தவள்,
யார் கையில் என்ன என்று
ஒரு நிமிடம் குனிந்து பார்த்தவள்.

சட்டம் குதிரை வண்டிக் காலத்தது.
வண்டிகள் போய்விட்டன, அது போகவில்லை.
மாதக் கடைசியில் கவுன்டி மண்டபத்தில்
அதை நீக்கலாமா என்று கூட்டம் போட்டார்கள்.
வக்கீல் ஓடெல் கிரீவ் வரைபடம் கொண்டுவந்திருந்தார்.
"பத்தாயிரம் ஆட்டம் ஆடிப் பாருங்கள்,
அதிர்ஷ்டம் களைத்து உட்கார்ந்துவிடும்,
திறமைதான் எழுந்து நிற்கும்."
"பத்தாயிரம் ஆடி முடிப்பதற்குள்
எனக்கு உட்கார வீடிருக்காதே!"
என்றது பின்வரிசை.
சிரித்தோம்.

அப்புறம் ரெனாட்டா ஓக்ஸ் எழுந்தாள்.
"என் வீட்டுக்காரர் ஆரம்பித்ததும்
இருபது டாலர் மேசையில்தான்.
பெரிய மேசை எங்கே என்று சொல்ல
அங்கே ஒருவன் இருந்தான்.
அங்கே கடன் தர இன்னொருவன்.
மகளின் பற்கம்பிக்கு வைத்திருந்த காசுவரை
எடுத்துப் போனார்.
அந்தக் கடன்காரனைப் பிடியுங்கள் என்று
இந்த அலுவலகத்துக்குப் பதினோரு முறை போன் செய்தேன்.
அப்போது ஏன் ஒரு கதவும் உடையவில்லை?"

துணை ஷெரீப் டிட்வெல்
தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
இரண்டு குளிர்காலத்துக்கு முன்புவரை
அதே கொட்டகையில் அவருக்கும் ஒரு நாற்காலி உண்டு.
என் பட்டியலில் அந்த நாற்காலிக்கு எண் இல்லை.

என்னைக் கேட்டால்,
யாரும் கேட்கவில்லை,
ஆடுகிறவனை விடு, கடன் கொடுத்து
ஆட வைக்கிறவனைப் பிடி என்பேன்.
மறுநாள் மளிகைக் கடையில் ரெனாட்டா
ரொட்டியை எடுத்து, விலை பார்த்து,
திரும்ப வைப்பதைக் கண்டால்
எல்லா மேசையையும் உடை என்பேன்.
எனக்கு நிலையான கருத்து இல்லை.
நிலையான கையெழுத்து உண்டு.

கூட்டம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போனது.
வழக்கு மூன்றாம் வாய்தாவுக்கு.
செவ்வாய்தோறும் மார்வா வருகிறாள்.
"கண்ணாடியை மட்டுமாவது."
"தீர்ப்பு வரட்டும்."
எடுப்பதற்கு ஒரு கை போதும்,
திருப்பித் தர மூன்று கையெழுத்து.

இன்று எதிர்ப்புறப் பெட்ரோல் பங்கில்
ஒரு சுரண்டல் லாட்டரி வாங்கிக்கொண்டு வந்தாள்.
மாநில முத்திரை பளபளக்கும் சீட்டு,
பள்ளிக்கூடங்களுக்கு உதவுவதாக
அடியில் எழுதியிருக்கும்.
ஷெரீப்பின் கவுன்டர் மேலேயே வைத்து
நாணயத்தால் சுரண்டினாள்.
வெள்ளித் தூளை ஊதித் தள்ளிவிட்டு
என் பக்கம் நகர்த்தினாள்.
"எழுத்து தெரியவில்லை. நீயே படி."

எனக்குப் பின்னால் ஒன்பது தப்படியில்,
இரண்டாம் தட்டில், உறைக்குள்
அவள் கண்ணாடி.

படித்தேன்.
"ஒன்றும் விழவில்லை."

"நன்றாகப் பார்த்தாயா?"

இன்னொரு தடவை படித்தேன்,
உரக்க.