அரைப்பேர்

சத்தியவேலுக்கு நான் போட்ட அரைப்பேர்
நாற்பத்தொன்று. செக்ரோலில் இருக்கிறது.
காலைப் பிரட்டில் நிற்பான்.
பத்து மணிக்குக் கவ்வாத்துக் கத்தி
என் மேசைக்கடியில் கிடக்கும்,
ஆள் ஹட்டன் பஸ்ஸின் மிதிபலகையில்.
துரை கேட்டால் வயிற்றுவலி.
நாற்பத்தொரு வயிற்றுவலி.

சொப்ட்போல் கிரிக்கெட், ஆளுக்கு ஆறு ஓவர் ஆட்டம்.
மெட்சுக்கு இரண்டாயிரம், மதியச் சோறு, பஸ் காசு.
வென்றால் ஐந்நூறு மேலே.
எட்டு டீமின் ஜேர்சி வைத்திருந்தான்
எட்டிலும் முதுகில் வேறு எவனுடையதோ பெயர்.
ஞாயிறுகளில் ஸ்கோர் எழுதப் போவேன் நானும்.
பந்தைப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.
பின்னால் தகரத்தில் சத்தம் கேட்கும்,
அதற்குப் பிறகு மட்டை இறங்கும்.

தலவாக்கலையில் இறுதி ஆட்டம்.
மழை மூட்டம், மஞ்சள் வெளிச்சம்.
லெக் அம்பயர் கையை நீட்டினார். நோ போல்.
அடுத்ததும். அடுத்ததும்.
"முழங்கை மடியுது. இவன் போடல, எறியிறான்."
ஒரே ஓவரில் ஐந்து வட்டம் போட்டேன் நோட்டில்,
ஐந்துக்குள்ளும் புள்ளி வைக்க மறந்தேன்.
அதற்குப் பிறகு எந்த டீமும் கூப்பிடவில்லை.
ஏழு மாதம் முழுப்பேர்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு வேன் வந்தது.
இறங்கியவர் தடித்த தோல் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு
கொழுந்து மடுவத்துக்குப் பின்னால் குந்தினார்.
"எறி" என்றார். ஒரு சொல்தான்.
எறிந்தான்.
கையுறையைக் கழற்றி உள்ளங்கையை ஊதிக்கொண்டு
சிங்களத்தில் என்னமோ கேட்டார்.
இதையா குற்றம் என்றார்கள், என்று.
அதை மட்டும் நான் தமிழில் சொல்லவில்லை.

பேஸ்போல். மாதச் சம்பளம். முதுகில் சொந்தப் பெயர்.
ராத்திரியில் போன் எடுப்பான்:
"அய்யா, எறியிறவன் நிக்கிறதுக்கு ஒரு மேடு கட்டியிருக்காங்க.
பத்து அங்குலம்!
அதுல ஏறுனா எல்லாரும் அண்ணாந்து பாக்குறாங்க."
சிரித்து முடிக்க அவனுக்கு நேரம் எடுத்தது.

நாலு வருசம்.
அந்த விளையாட்டுக்கு ஸ்கோர் எழுத எனக்குத் தெரியாது.
கோடு போட்டு ஒரு கொப்பி வைத்திருந்தேன்,
அவன் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்
எறிந்தது இத்தனை, அடிபட்டது இத்தனை.
ஐந்தாம் வருசம் சொல்வதை நிறுத்தினான்.
தோளில் நரம்பு. வெட்டித் தைத்தார்கள்.
கிளப் ஒரு கேடயமும் பஸ் காசும் கொடுத்தது.

இப்போது தராசில் நிற்கிறான்,
கொழுந்து நிறுக்கிறான். வலது கை
தோளுக்கு மேலே போகாது.
கவ்வாத்துக் கத்தி வேறு ஒருவனிடம்.

நேற்று லயத்துப் பிள்ளைகளின் பந்து
தேயிலைக்குள் விழுந்தது.
"எறிங்க அண்ணே!" கத்தினார்கள்.
குனிந்து எடுத்தான். நூலைத் தடவிப் பார்த்தான்.
தராசை அப்படியே விட்டுவிட்டு
வரிசையில் நின்ற பெண்கள் முணுமுணுக்க
படி ஏறி, கான் தாண்டி,
நாற்பது எட்டு நடந்து போய்
கையில் கொடுத்தான்.
முழங்கை மடிந்துதான் இருந்தது.