நாலு படங்கள்

ஆறாம் மாதக் கிளினிக்.
துவாரகி எண்ட படிக்கிற பிள்ளை
தாளொண்டும் பென்சிலொண்டும் தந்தது.
"உண்மையா என்னவோ அதைப் போடுங்கோ ஐயா,
சரி பிழை எண்டு ஒண்டும் இல்லை."

சிறுநீர்த் தாரையின் வேகம்
எண்டு துவங்கிச்சு முதல் கேள்வி.
வானொலியில செய்தி வாசிக்கிறவர் எழுதினமாதிரித் தமிழ்.
நான் சலம் எண்டு மாத்தி வாசிச்சன்.

கீழ நாலு படம்.
ஒரு ஆம்பிளை நிக்கிறான், முகமில்லை.
முதலாவதில கோடு வில்லா வளைஞ்சு தூரப் போய் விழுகுது.
நாலாவதில காலடியில சொட்டு.
உங்களுடையது எது?

ரண்டு வரியம் நான் அந்த நாலாவது ஆள்.
பருத்தித்துறை மினிபஸ்ஸில கொண்டக்டர்.
மழைக்குள்ள மிதிபலகை வழுக்கி
மதகுக் கட்டில குதிரையேறினமாதிரி விழுந்தவன்.
அதுக்குப் பிறகு
நெல்லியடி எண்டால் ஒரு மதில்,
புத்தூர் எண்டால் பூட்டின கடையொண்டின்ர ஒதுக்கு.
வல்லைவெளியில மதிலே இல்லை,
காத்து மட்டும்.
டிரைவர் ஹோன் அடிப்பான்.
நான் நெத்தியை மதிலில முட்டிக்கொண்டு நிப்பன்.

கன்னத்துக்குள்ள இருந்து தோல் எடுத்துக்
கீழ வைச்சுத் தைச்சவை.
வாய்க்குள்ள இருக்கிற தோலுக்கு ஈரம் பழக்கம்
எண்டு விளங்கப்படுத்தினார் டொக்டர்.
மனுசி சொன்னாள்:
"இருவது வரியம் ஊர்ப்பேர் கத்தின கன்னம்,
எங்க கொண்டுபோய் வைச்சாலும் சும்மா இராது."

குழாய் எடுத்து வீட்டை வந்த அண்டைக்கு
விடியப்புறம் வாளியில விழுந்த சத்தம்
எனக்கே புதுசாக் கிடந்தது.
கதவைத் திறந்தால் வெளியில அவள்.
"ஆரோ பைப்பைத் திறந்து விட்டிட்டினம் எண்டு நினைச்சன்"
எண்டாள், முகத்தை அங்கால திருப்பி.

சத்தத்துக்கு இந்தத் தாளில கேள்வி இல்லை.

ஒன்பதாவது, தாம்பத்தியம்.
பிள்ளை தன்ர பேனையைத் திருகிக்கொண்டு
யன்னலைப் பாத்தது.
ஒரு பெட்டியில புள்ளடி போட்டன்.
பிறகு அழிச்சன்.
பென்சில் தந்தது அதுக்குத்தான் போல.

பக்கத்து வாங்கில மரியதாஸ், நெடுந்தீவான்.
ஒரே கிழமையில வெட்டினது ரண்டு பேரையும்.
பக்கத்துக் கட்டில்.
நோகாத கன்னத்தால ரண்டு பேரும் கஞ்சி குடிச்சம்.
விடியக் குறிகாட்டுவானில இறங்கி வந்திருக்கிறான்,
சேட்டில உப்பு இன்னும் காயேல்லை.
அவன்ர தாளை எட்டிப் பாத்தன்.
முதலாம் படத்தைச் சுத்தி வட்டம்.
மிகவும் திருப்தி.
வடிவான புள்ளடி.

அரை மணித்தியாலத்துக்கு முந்தி
கக்கூசில அவனுக்குப் பக்கத்தில நிண்டவன் நான்.
பிந்தி வந்து, முடிச்சு, கை கழுவி,
பைப்பைப் பூட்டின பிறகும்
அவன்ர நெத்தி சுவரில.
ஒரு சொட்டு.
கனநேரத்தால
இன்னொண்டு.

"ஏன்டாப்பா?" எண்டன் மெல்ல.
"அந்தாள் ஆறு மணித்தியாலம் நிண்டு தைச்சது.
அவற்ற மூஞ்சையைப் பாத்து எப்பிடியடா சொல்லுறது?
இந்தப் பிள்ளையும் பாஸ் பண்ண வேணும்."

தாளின்ர கடைசியில வெறும் கோடு ரண்டு.
வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?
ஓம், விருப்பம்தான்.
ஆனால் மேல கிடக்கிறது என்ர பேர்.

பென்சிலை அவன் பக்கம் நீட்டினன்,
அழிறப்பர் முன்னுக்கு வாறமாதிரி.
வாங்காமல் அதையே பாத்துக்கொண்டிருந்தான்.

உள்ளுக்கு இருந்து நேர்ஸ் ஒரு பேர் கூப்பிட்டது.
அவன்ரயோ என்ரயோ, விளங்கேல்லை.
ரண்டு பேரும் எழும்பினம்.