கழித்தல் நாற்பது

தார்த்து நகரத்துப் பள்ளியொன்றில்
விளையாட்டரங்கை இரவு ஒன்பதுக்கு மேல்
வாடகைக்குத் தருகிறார்கள்.
மெழுகிட்ட தரை, காலுறையோடுதான் நடக்கவேண்டும்.
வெளியே மைனஸ் பதினேழு.
உள்ளே நான்கு வெப்பமூட்டிகள் வண்டுக்காக எரிகின்றன.
ஊர்மாஸ் கம்பளிச்சட்டையைக் கழற்றிவிட்டு
கணினிமுன் பனியனோடு உட்கார்ந்திருக்கிறான்.

வண்டுகள் தபாலில் வந்தவை.
செக் நாட்டில் ஒருவர் தன் குளியலறையில் வளர்க்கிறார்.
டப்பாவில் மரத்தூள், கனிந்த வாழைப்பழ வாசம்,
மூடியில் 'இது மேல்பக்கம்' என்று ஓர் அம்பு.
ஒன்று எட்டு கிராம்.
பச்சை முதுகில் நான் ஏற்றுவது ஒன்றேகால் கிராம்:
ஒரு சில்லு, ஒரு மின்கலம், நகத்துணுக்கு அளவில் ஆன்டெனா.

பனிக்கட்டிமேல் பத்து நிமிடம் கிடத்தினால்
அசையாது.
கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை,
இறக்கை வேரில் பக்கத்துக்கு ஒன்று.
முடியைவிட மெல்லிய கம்பியைச் செருகி
தேன்மெழுகால் அடைப்பேன்.
ஏதோ ஒரு தேனீ கட்டிய வீட்டின் சுவர்
இந்தக் காயத்துக்கு மூடி.

வலத் தசைக்கு மின்சாரம் கொடுத்தால்
வண்டு இடப்பக்கம் திரும்பும்.
வலத் துடுப்பை வலித்தால்
படகு இடம்போகுமே, அதுபோல.
வலிக்கிறதா என்பதற்கு
எங்கள் அட்டவணையில் பத்தி இல்லை.
சமிக்ஞை, திசை, தாமதம்.
மூன்றே பத்திகள். கடைசியில் குறிப்புக்குக் கொஞ்சம் இடம்.

முப்பத்தொன்றாம் வண்டு நேற்று
பந்துக்கூடையை நோக்கி நேராகப் போனது.
'இடம்' என்றான் ஊர்மாஸ்.
நான் அழுத்தினேன். திரும்பியது.
'வலம்.' திரும்பியது.
'இடம்' என்று அவன் சொல்லி
என் விரல் பொத்தானுக்கு இறங்குமுன்
அது இடப்பக்கம் போய்விட்டது.

தாமதம்: கழித்தல் நாற்பது மில்லிவினாடி.

'கடிகாரக் கோளாறு. அழித்துவிடு,' என்றான்.

போன வசந்தத்தில் என் வலக்கை மரத்துப்போனது.
பற்றவைத்துப் பற்றவைத்து வந்த வினை.
நரம்பு மருத்துவர் மைமு தாம்
குளிர்ந்த பசையைப் பூசி
மணிக்கட்டில் இரண்டு உலோக முனைகளை வைத்தார்.
என் கட்டைவிரல் துள்ளியது.
மேசைமேல் கிடந்த யாருடையதோ போல.
'நான் ஆட்டவில்லை' என்றேன், திருட்டில் பிடிபட்டவளாட்டம்.
'தெரியும், நான்தான்' என்று சிரித்தார்.
மறுபடி வைத்தார், மறுபடி துள்ளியது.
மூன்றாம் முறை அவர் கை பொத்தானுக்குப் போகும்போதே
விரல் எகிறிவிட்டது.
திரையைப் பார்த்தார். ஒன்றுமில்லை.
'இது நீங்கள்,' என்றார்.
'இதை எண்ணக்கூடாது.'

கோப்பைத் திறந்தேன். அழிக்கவில்லை.
குறிப்புப் பத்தியில் தட்டச்சினேன்:
இது வண்டு.
அப்புறம் 'சரிபார்க்கவேண்டும்' என்றும் சேர்த்தேன்.
ஊர்மாஸ் நாளை படிப்பான்.

அதற்குள் மின்கலம் தீர்ந்துவிட்டது.
முப்பத்தொன்று கூடையின் இரும்பு வளையத்தில் உட்கார்ந்து
முன்னங்காலால் முகத்தை வழித்துக்கொண்டிருந்தது.
ஏணி இருக்கும் அறைக்குப் பூட்டு.
ஊர்மாஸ் கீழிருந்து பந்தை எறியலாமா என்றான்,
பிறகு தானே வேண்டாம் என்றான்.
நான் வாழைப்பழத் துண்டைத் தூக்கிப் பிடித்து
கை கடுக்க நின்றேன்.
வரவில்லை.

பதினொன்றுக்குக் காவலாளி யானா வந்து
விளக்குகளை வரிசையாக அணைக்கத் தொடங்கினாள்.
கடைசி வரிசையும் போனபிறகு
மேலே எங்கோ ர்ர்ர் என்று ஒரு சத்தம்,
என் தலையைக் கடந்து
எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.
யானாவும் கேட்டாள் போலிருக்கிறது.
ஸ்விட்சில் வைத்த விரலை
எடுக்காமல் நின்றாள்.