ஆறு முப்பத்தைந்து

ஹெல்வெ மூன்று முறை அழைத்தாள்.
உங்கள் பக்கத்தில் முதலில் நான்கு முப்பத்தைந்து என்று இருந்தது,
கண்ணாடியைத் துடைப்பதற்குள்
ஆறு முப்பத்தைந்து ஆகிவிட்டது.
கப்பல் எத்தனை மணிக்கு?

கண் டாக்டரைப் பார்க்கச் சொல் என்றான் ஐனார்,
போனைக் கையால் பொத்திக்கொண்டு.
சரியாகப் பொத்தவில்லை.

நான்காவது முறை அவள் அழைக்கவில்லை.
மைனஸ் பதினெட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை,
அவளது பழைய போனில் இரண்டாவது எண் வரவேயில்லை.
குய்வாஸ்து துறையில்
இருட்டுக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே
இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறாள்,
கூண்டில் இரண்டு முயல்களோடு.

அன்றிரவு நீட்சியை நிறுவினேன்.
குரேசாரேயில், புகையிட்ட மீன் விற்கும் கடைக்கு மேல்,
ஹீட்டர் பாதி வேலை செய்யும் அறையில்.
உலாவியின் வலப்பக்கம் ஒரு பலகை திறந்தது.
திரையில் கப்பல் அட்டவணை.
பலகையில், திரைக்கு அடியில் இருப்பது.

ஐனாருக்கு இப்படி விளக்கினேன்:
சர்வர் பக்கத்தைச் சமைத்தே அனுப்பிவிடுகிறது, சுடச்சுட.
கூடவே அரிசி பருப்பு எல்லாவற்றையும்
ஒரு பொட்டலமாகக் கட்டி அடியில் வைக்கிறது.
உலாவி அதைப் பிரித்து
அதே சோற்றை இன்னொரு முறை வடிக்கும்.
இரண்டும் ஒத்துப்போனால் யாருக்கும் தெரியாது.
ஒத்துப்போகாவிட்டால்
ஹெல்வெக்குத் தெரியும்.

சர்வர் குடியிருப்பது கிரீன்விச் நேரத்தில்.
நாங்கள் இரண்டு மணி கிழக்கே.
ஒரு வரி. பன்னிரண்டு நிமிட வேலை.

அத்தோடு மூடியிருக்கலாம்.
ஆனால் பலகையில் இன்னும் திறக்காத முக்கோணங்கள் இருந்தன,
விரல் சும்மா இருக்கவில்லை.
புறப்பாடு. கப்பல். பணியாளர்.
அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி,
அதற்குள் கப்டன் லெம்பித்.
கைபேசி எண். பிறந்த நாள்.
விடுப்பு: வியாழன்தோறும்.
காரணம்: மனைவி, கீமோ, தார்த்து மருத்துவமனை.
குறிப்பு: கப்பலில் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

கப்பல் எப்போது என்று கேட்ட ஒவ்வொருவருக்கும்
பதிலோடு இதையும் அனுப்பியிருக்கிறோம்.
வானிலைக்காகப் பார்த்தவனுக்கும்
தவறுதலாகத் தட்டியவனுக்கும்.
சோற்றில் முழுப் பூசணிக்காய்,
நான்கு வருடமாய் மறைத்துப் பரிமாறிய பந்தி.
எல்லோரும் சோற்றை மட்டும் தின்றுவிட்டு எழுந்தார்கள்
என்று நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

யார் எழுதியது என்று பழைய பதிவைத் தேடினேன்.
ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து ஐம்பதுக்கு:
மொத்த வரிசையையும் அனுப்பிவிடலாம்,
வேண்டியதை அங்கே எடுத்துக்கொள்ளட்டும்.
கீழே என் பெயர்.

வெட்டினேன். புறப்பாடு, சேருமிடம், கப்பலின் பெயர்,
வேறொன்றும் போகாது இனி.
இருநூற்றுப் பன்னிரண்டு கிலோபைட்
ஒன்பதாகச் சுருங்கியது.
வேகமாகத் திறக்கிறதே என்று ஐனார் பாராட்டினான்.
அவனிடம் முழுவதும் சொல்ல
மறுநாள் காலைவரை ஆனது எனக்கு.
சொன்னதும் அவன் போனைப் பார்த்தான்,
பொத்துவதற்கு ஏதோ இருப்பதுபோல.
லெம்பித்திடம் தானே பேசுவதாகச் சொன்னான்.
திங்கட்கிழமை என்றான்.

வெள்ளிக்கிழமை துறைக்குப் போனேன்.
ஹெல்வெ ஆறு இருபதுக்கு வந்தாள், முயல்கள் இல்லாமல்.
என்னைப் பார்க்காமல் மணிக்கூண்டைப் பார்த்து
ஒருமுறை தலையாட்டிவிட்டு ஏறினாள்.

லெம்பித் பாலத்திலிருந்து இறங்கி வந்தார்.
வியாழக்கிழமைகளில் பனியில் துளையிட்டு
மீன் பிடிக்கப் போகிறேன் என்பது அவர் சொல்லும் கதை.
ஒரு மீனையும் கொண்டுவந்ததில்லை.
வெள்ளி தவறாமல் நான் கேட்பேன்:
என்ன கப்டன், ஏதாவது மாட்டியதா?

பக்கத்துக்கு என்ன கோளாறு, என்றார்.
நேர மண்டலம், என்றேன்.
அப்படியா.

கயிற்றை அவிழ்க்கும் பையன் கத்தினான்.
லெம்பித் போகாமல் நின்றார்.
நான் கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை.
ஒரு கண்ணிமைப்பு நேரம்
என் முகத்தில் எதுவோ மாறுவதைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த வாரமும் ஒன்றும் மாட்டவில்லை,
என்றார் அவரே.
ஆறு முப்பத்தைந்து.