பேய்க்குப் பின்னணிக் குரல்

கறுப்பு வெள்ளை. இரவு பதினொன்றரை.
மறு ஒளிபரப்பு, இடையிடையே
சலவைத்தூள் விளம்பரம்.
மர்லீன் ஹாக்ஸ்பி கட்டிலில்
முதுகை வில்லாக வளைக்கிறாள்.
பாதிரியாராக நடிப்பவரின் கையில் மெழுகுவர்த்தி நடுங்குகிறது
(நடிப்பல்ல, முந்தின இரவுக் குடி.
காப்பி கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்).
இதோ, அவள் வாய் திறக்கிறது.
வருவது என் குரல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, பர்பேங்க்.
நான் தட்டச்சுக்காரி.
வாரம் ஓர் ஆவி, வாரம் ஒரு சாபம்,
மூன்று கார்பன் நகல்.
அந்த வாரக் கதையில் ஒரு வரி:
‘எவருக்கும் புரியாத ஒரு பழைய மொழியில் பேசுகிறாள்.’
எந்த மொழி என்று எழுதியவருக்கே தெரியாது.
லத்தீன் என்றால் கத்தோலிக்கர்கள் கடிதம் போடுவார்கள்.
ஜெர்மன் என்றால் போர் ஞாபகம் வரும்.
இயக்குநர் டெல்பர்ட் க்ரூம்
அறையைச் சுற்றிப் பார்த்தார்.
‘ரவ்தியோ... அது என்ன பெயர்?’
‘பின்லாந்து, சார்.
மினசோட்டா இரும்புச் சுரங்கத்துப் பின்லாந்து.’
‘பேசு.’
‘என்ன பேச?’
‘எதுவானாலும். கோபமாக.’

நாற்பது டாலர்.
கம்பளி போர்த்திய குட்டி அறை,
முகத்துக்கு நேரே ஒரு மைக்.
கோபமாகப் பேசச் சொன்னால்
எனக்கு வந்தது கடைப் பட்டியல்:
வெண்ணெய் அரை ராத்தல்,
கல்லுப்பு, விளக்குத் திரி,
கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்,
அப்பாவுக்கு இந்த மாதமும் கூலி இல்லை.
ஒலிப்பதிவாளன் நாடாவை மெதுவாக ஓட்டினான்.
என் தொண்டை எருதின் தொண்டை ஆயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை
ஒரு நாட்டின் வயிற்றிலேயே புளியைக் கரைத்தது
அரை ராத்தல் வெண்ணெய்.
நெப்ராஸ்காவில் ஒருத்தி மயங்கி விழுந்தாளாம்.
மர்லீனுக்குப் பூங்கொத்துகள் வந்தன,
நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிவைத்தேன்.
பெயர்ப் பட்டியலில் நான் இல்லை.
பேய்க்கு ஏது பெயர்.

பிறகு கல்யாணம். பிறகு ஃப்ரெஸ்னோ.
ஆர்வில் உரம் விற்றார், நான் கணக்கு எழுதினேன்.
அம்மா இருந்தவரை மாதம் ஒரு கடிதம்.
அதற்கப்புறம் அந்த மொழியில் பேச
எனக்கு ஒரு பூனைகூட இல்லை.

இருபத்தாறு வருடம் கழித்துக் கேட்கிறேன்.
வெண்ணெய், புரிகிறது.
உப்பு, புரிகிறது.
திரி, ஒரு நொடி தாமதித்து.
அப்புறம் மர்லீன் விழிகளை மேலே செருகிக்கொண்டு
ஒரு வாக்கியம் சொல்கிறாள்.
நீளமானது. நடுவில் மூச்சு வாங்குகிறது.
கடைசியில் கேள்விபோல் வளைந்து நிற்கிறது.

அது எனக்குப் புரியவில்லை.

குரல் என்னுடையது, மூச்சும்.
முன்பல் உடைந்த இடத்தில் காற்று சீறுவதும்
நான்தான்.
என்ன சொன்னேன்? யாரைக் கேட்டேன்?
தெரிந்திருக்கக்கூடியவர்கள் எல்லாரும்
ஹிப்பிங் கல்லறையில்
பனிக்குக் கீழே ஒரே வரிசையில்.

பாதிரியார் சிலுவையை உயர்த்துகிறார்.
‘வெளியே போ! இவள் உடல் உன்னுடையதல்ல!’
போய்விட்டது, ஐயா.
மர்லீனைவிட்டு அல்ல.
மணி அடிக்காமல், ஒருவரும் மந்திரம் சொல்லாமல்,
கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே எப்போதோ
என்னைவிட்டு எழுந்து போயிருக்கிறது.
போகிற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

மர்லீன் கண்விழிக்கிறாள்.
சுத்தமான ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்கிறாள்.
எல்லாரும் அழுகிறார்கள், இசை.
பெட்டியை அணைத்தேன்.
வெள்ளைப் புள்ளி சுருங்கிச் சுருங்கி
போக மனமில்லாமல் போயிற்று.

இருட்டில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன்,
பொருள் தெரியாமல், ஒலி ஒலியாக,
கிளி சொல்வதுபோல்.

மாடியில் ஆர்வில் புரண்டு படுக்கும் சத்தம்.
தூக்கத்திலேயே கேட்கிறார்:
‘யார் வந்திருக்கிறார்கள்?’

இன்னொரு முறை சொன்னேன்.
இம்முறை கொஞ்சம் சத்தமாக.