இடது பக்க சீல் இரண்டு

ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டேன்.
இன்ஜின் கேட்கவில்லை.
மோலமைன் கடைத்தெரு முனையில், மீன்கூடைகளுக்கு நடுவே
நின்ற இடத்திலேயே
ஏதோ மலை ஏறுவதுபோல் அலறிக்கொண்டிருந்தது.
சாவியைத் திருப்பிய பிறகுதான் அடங்கியது.
"உன் வண்டிக்குப் பேய்" என்றாள் மீன்காரி.

பேயில்லை, காற்று.
மேக்னட் பக்கத்து சீல் காய்ந்து, உதடு தேய்ந்து,
சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வருகிற காற்று.
டூ ஸ்ட்ரோக்குக்கு அடிவயிற்றிலும் ஒரு மூச்சு உண்டு,
அதை இரண்டு ரப்பர் வளையம்தான் கட்டி வைத்திருக்கிறது
என்று எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது.
அதற்குள் கார்புரேட்டரைப் பத்துத் தடவை கழுவியிருந்தேன்.

வலது பக்கம் வேறு கதை.
கியர் ஆயில் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை.
அடியில் அட்டை விரித்து இரவெல்லாம் விட்டேன்.
காலையில் அட்டை புதுக் கல்யாணப் பத்திரிகை மாதிரி.
அத்தனையும் உள்ளுக்குள் போய் எரிந்து
வெள்ளைப் புகையாக டோ மியா யின் சன்னலுக்குப் போயிருக்கிறது.
அவள் சண்டைக்கு வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

எழுபத்தொன்பதாம் வருஷத்து சுசுகி.
முதோன் ரைஸ்மில்லில் நான் சாக்கு எண்ணப் போகவேண்டும்,
பதினெட்டு மைல்.
கோ ஸா வின் ஒர்க்‌ஷாப்பில் பூட்டு; அவன் பாங்காக்கில்.
ஸ்பானர் பெட்டியை மட்டும் என்னிடம் விட்டுப்போனான்,
வாடகை பாக்கிக்கு.

வார்டு ஆபீஸில் பேர்ப்பட்டியல் ஒட்டிய வாரம்
என் தம்பியும் ஆற்றைத் தாண்டிவிட்டான்.
மேசோட்டில் ஒரு தையல் ஃபேக்டரி.
போனில் சொன்னேன்: சீல் வேண்டும்.
இருபத்தைந்து, நாற்பது, எட்டு என்றான்,
கேட்பதற்கு முன்பே. பிறந்தநாளைக்கூட
அவன் அப்படிச் சொன்னதில்லை.

பாதை மூடி, திறந்து, மறுபடி மூடி,
நாற்பத்தொரு நாள் கழித்து
வெற்றிலை வண்டிக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தார்.
சுற்றியிருந்தது சம்பளச் சீட்டு.
வீட்டில் வைரவன், அடையாளக் கார்டில் சோ மியிண்ட்.
இதில் தாய் எழுத்தில் இன்னொரு பேர்.
எழுத்துக்கூட்டத் தெரிந்தவரிடம் கேட்டேன்:
சொம்சாயாம்.

கரண்ட் போன ராத்திரி. போன் வெளிச்சத்தில்
ஃப்ளைவீலைக் கழற்றினேன்.
அரைநிலா மாதிரி ஒரு சாவி, நகம் அளவு இரும்பு,
எங்கோ தெறித்துவிட்டது.
கட்டிலை நகர்த்தி, அரிசிப் பானையைக் கவிழ்த்து,
என் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தேன்.
கடைசியில் ஃப்ளைவீலின் காந்தமே
அதைப் பிடித்து வைத்திருந்தது,
கள்ளன் மாதிரி, சத்தமில்லாமல்.

காடியின் முனை புது உதட்டைக் கிழித்துவிடாமல்
ஷாஃப்டில் டேப் சுற்றினேன். கொஞ்சம் எண்ணெய்.
ஸ்பிரிங் தெரிகிற முகம் உள்பக்கம் பார்த்து.
பழைய சீலைப் புதுசின்மேல் வைத்து,
அதன்மேல் குழாய்த்துண்டு வைத்து,
சுற்றிச் சுற்றித் தட்டினேன்.
பழசு தள்ளத் தள்ளப் புதுசு போய் உட்கார்ந்தது.

வலதுக்கு என்று இரண்டாவதை எடுத்தேன்.
அதுவும் இருபத்தைந்து, நாற்பது, எட்டு.
சீட்டின் பின்பக்கம் பென்சிலில்:
"ஒன்று மாட்டும்போது கிழிஞ்சா இன்னொன்று."
வலது பக்கம் குடிக்க ஆரம்பித்தது
அவன் போன பிறகு.
அவனுக்கு எப்படித் தெரியும்?
நானும் சொல்லவில்லை. போனில்
எல்லாம் நல்லாயிருக்கு என்றுதானே சொல்கிறேன்.

மூன்றாவது உதையில் பிடித்தது.
கைப்பிடியை விட்டதும் இறங்கி வந்து
டக் டக் டக் என்று நின்று பேசியது,
சொன்ன பேச்சுக் கேட்கும் வண்டியாக.
பின்னால் மட்டும் அதே வெள்ளைப் புகை.

சன்னலைத் திறந்து டோ மியா யின் எட்டிப் பார்த்தாள்.
"ரிப்பேர் பண்ணிட்டியா?"
பாதி, என்றேன்.
"அந்தப் புகையை நிறுத்திடாதே அம்மா.
இந்த வருஷம் எங்க வீட்டில் கொசுவே இல்லை."