வியாழக்கிழமை லைன்

தருமபுரியில் வேர்வை.
கொமத்தம்பட்டி தாண்டி ஏற ஏற
காற்று கை நீட்டி
சட்டையின் மேல் பொத்தானைப் போடச் சொல்கிறது.
வளைவுகளை எண்ணுவதைப் பதினேழில் விட்டுவிட்டேன்.

வண்டியின் பின்னால் முப்பது கிலோ டீத்தூள்.
கால் கிலோ பாக்கெட், நூற்றிருபது.
ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை மலை,
முதுகில் கூடையோடு ஒருத்தி,
பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள்.
எந்த ஊர்க்காரி என்று
கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது.

வத்தல்மலையில் தேயிலை இல்லை.
காப்பி இருக்கிறது.
சில்வர் ஓக்கைக் கட்டிக்கொண்டு ஏறிய மிளகு இருக்கிறது.
சாமை அறுத்த சரிவில்
சவரம் செய்யாத தாடை போலத் தாள் நிற்கிறது.
சொன்னால் நம்ப மாட்டார்கள்.
குளிர்கிற மலையென்றால் டீ விளைந்தே தீர வேண்டும்,
கீழே இருப்பவர்கள் முடிவு செய்தாகிவிட்டது.

செவந்தி கடை பெஞ்சில்
ஓசூர் கம்பெனிப் பிள்ளைகள் ஐந்து பேர்
முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.
இருட்டில் கிளம்பி ஒற்றையடித் தடத்தில் ஏறியவர்கள்.
ஒருத்திக்கு முள் கிழித்த கணுக்கால்.
ஒருவன் கையிலிருந்த ஊன்றுகோலில்
விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

கூட்டி வந்தது செவந்தியின் தம்பி பொன்னுரங்கன்.
ஆளுக்கு முந்நூறு.
ரோடு போடாத நாளில்
மிளகு மூட்டையோடு அதே தடத்தில் இறங்கி
நாற்பது ரூபாய் வாங்கியவன்.
வெறுங்கையோடு நடப்பதற்குக் காசு தருகிறார்கள்
என்பதை முழுசாக நம்பவில்லை அவன்.
மனசு மாறிவிடுவார்களோ என்று
எப்போதும் பத்தடி முன்னாலேயே போகிறான்.

முதல் மிடறில் ஊன்றுகோல்காரன் கண்ணை மூடினான்.
"டீன்னா இதான்! கீழ குடிக்கிறதெல்லாம் டீயா?
இங்கயே விளையுதாக்கா?"

செவந்தி என்னைப் பார்த்தாள்.
நான் மூட்டை மேல் தார்ப்பாயை
இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

"தண்ணி எங்க மலையோடது" என்றாள்.

பொய் இல்லை.

அதோடு போயிருக்கலாம்.
கணுக்கால் பெண்
வீட்டுக்குக் கொஞ்சம் வேண்டுமென்றாள்,
"உங்க மலைத் தூள்."
செவந்தி உள்ளே போய்
தினத்தாளில் மடித்த பொட்டலம் ஒன்று கொண்டுவந்தாள்.
பிரித்ததும் பெஞ்சு முழுக்க வாசனை.
"இது காப்பி. எங்கூட்டுக் கொல்லையில காய்ச்சது,
நானே வறுத்து இடிச்சது."

ஐந்து பேரும் முகர்ந்தார்கள்.
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
"நல்லாருக்குக்கா. ஆனா டீயே குடுத்துருங்களேன்."

தார்ப்பாய் முடிச்சை நான்தான் அவிழ்த்தேன்.
என்ன செய்ய, கேட்கிறார்கள்.
அந்தப் பெண் பாக்கெட்டை நீட்டிப் பிடித்து
எதிர்ச் சரிவோடு ஒப்பிட்டாள்.
ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.
"அதே மலைதான்!" என்று படம் எடுத்துக்கொண்டாள்.
கூடைக்காரி வழக்கம்போலச் சிரித்தாள்.

அவர்கள் போன பிறகு
செவந்தி பித்தளை டம்ளரில் கறுப்பாக எதையோ ஊற்றி
என் பக்கம் தள்ளினாள்.
வெல்லம் போட்டது.
நாக்கில் முதலில் கசப்பு, அப்புறம் புகை,
அப்புறம் எனக்குப் பேர் தெரியாத ஒன்று.

"வீட்டுக்கு எந்தத் தூள் போடற, நம்மளதுதானே?"
"எங்கூட்ல யாருண்ணா டீ குடிக்கிறாங்க" என்றாள்,
கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டே.

எட்டு வருஷமாக
வாராவாரம் இந்த மலைக்கு டீ ஏற்றுகிறேன்.

இறங்கும்போது மூட்டை காலி,
சட்டைக்குள் அந்தத் தினத்தாள் பொட்டலம்.
காசு கொடுத்தேன், வாங்கவில்லை,
நோட்டில் கழித்துக்கொள் என்றேன், சிரித்தாள்.
பனி ஒவ்வொரு வளைவிலும் ஒரு துண்டாக
என்னை விட்டுப் போனது.

கொமத்தம்பட்டியில் வெயில்
விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.
பொத்தானை அவிழ்த்தேன்.
நெஞ்சு முழுக்கக் காப்பி வாசனை.
சட்டைப்பையில் கம்பெனிப் பேர் போட்ட பேனா.